எம்ஆர்ஐ படத்தில் தண்டுவடம் வெள்ளையாகத் தெரிகிறது: தம்பியின் ரிப்போர்ட்டை எப்படிப் புரிந்துகொள்வது?

#1 ஆற்றுமணல்

எல்லோருக்கும் வணக்கம். தம்பிக்கு 24 வயது. ஆழமில்லாத தண்ணீர் என்று தெரியாமல் தலைகீழாகக் குதித்துவிட்டான். இன்றோடு 11 நாள் ஆகிறது. குதித்த இடத்திலேயே கை கால் எதுவும் அசையவில்லை. கூட இருந்த நண்பர்கள் கழுத்தை ஆட்டாமல் தூக்கி வந்தார்கள்.

அன்றே சிடி எடுத்தார்கள், அடுத்து எம்ஆர்ஐ. 14 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் முடிந்தது. கழுத்தின் முன்பக்கம் டைட்டானியம் தகடு வைத்திருக்கிறார்கள். நான்கு நாள் வென்டிலேட்டரில் இருந்தான், இப்போது தானாக மூச்சு விடுகிறான். தோளைத் தூக்குகிறான், முழங்கையை மடக்குகிறான். மணிக்கட்டைத் தூக்கும் தசையில் லேசான துடிப்பு மட்டும் இருக்கிறது. விரல்களிலும் காலிலும் ஒன்றுமில்லை.

ரிப்போர்ட்டில் இருப்பதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன்: சி5, அதாவது கழுத்தின் ஐந்தாவது எலும்பு நொறுங்கியிருக்கிறது, ஒரு துண்டு பின்னால் தள்ளித் தண்டுவடத்தை அழுத்துகிறது. சி4 முதல் சி6 வரை 'டி2வில் அதிக சிக்னல்'. அதன் நடுவில் சிறிய 'குறைந்த சிக்னல்' பகுதி, ரத்தக்கசிவாக இருக்கலாம்.

முதல் நாள் ஒரு டாக்டர் படத்தைக் காட்டி, "இது கம்ப்ளீட் இஞ்சுரி" என்றார். இன்னொருவர், "இப்போதே எதுவும் சொல்ல முடியாது" என்கிறார். அம்மா அந்த முதல் வார்த்தையிலேயே உடைந்துபோய்விட்டார். சிடியும் எம்ஆர்ஐயும் எதற்காக இரண்டும் எடுக்கிறார்கள்? வெள்ளையாகத் தெரிவது செத்துப்போன பகுதியா? படத்தை வைத்து அவன் நடப்பானா மாட்டானா என்று சொல்ல முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 காந்தஅறை

நான் 16 வருடமாக எம்ஆர்ஐ, சிடி எடுக்கும் டெக்னீஷியன். நோயைக் கணிப்பது என் வேலை இல்லை. ஆனால் படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று சொல்ல முடியும்.

முதலில் சிடி. எலும்புக்கு அதுதான். முன்பெல்லாம் கழுத்துக்கு எக்ஸ்ரே மட்டும் எடுத்துவிட்டு விடுவார்கள். அதில் தோள்பட்டை குறுக்கே நிற்பதால் கழுத்தும் முதுகும் சேரும் சி7, டி1 பகுதி சரியாகத் தெரியாது. கையைத் தூக்கவைத்து, இழுத்து, பல கோணத்தில் எடுப்போம், அப்படியும் தப்பிவிடும். 2005ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கழுத்துக் காயங்களில் சாதாரண எக்ஸ்ரே 52 சதவீதத்தைத்தான் பிடித்தது, சிடி 98 சதவீதத்தைப் பிடித்தது. அதனால்தான் பெரிய அடி என்றால் நேராக சிடி. சில நிமிடத்தில் முடிந்துவிடும், வென்டிலேட்டரோடும் எடுக்கலாம்.

ஆனால் சிடியில் எலும்புக் கூட்டின் உள்ளே இருக்கும் தண்டுவடம் வெறும் சாம்பல் நிறப் பட்டைதான். அது கன்றியிருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, ரத்தம் கசிந்திருக்கிறதா என்பது தெரியாது. அதற்கு எம்ஆர்ஐ வேண்டும். எலும்புகளைப் பிடித்துவைக்கும் தசைநார் கிழிந்திருக்கிறதா, டிஸ்க் பிதுங்கியிருக்கிறதா என்பதையும் அதுதான் காட்டும்.

இப்போது உங்கள் 'வெள்ளை'. எம்ஆர்ஐயில் ஒரே இடத்தைப் பல விதமாக எடுப்போம். டி1 என்ற முறையில் (மேலே சொன்ன டி1 எலும்பு இல்லை, இது படம் எடுக்கும் முறையின் பெயர்) கொழுப்பு வெளுப்பாகவும் தண்ணீர் கறுப்பாகவும் வரும். டி2வில் தண்ணீர் வெள்ளை. தண்டுவடத்தைச் சுற்றி ஓடும் நீர் டி2வில் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும், நடுவில் தண்டுவடம் சாம்பல் நிறத்தில் போகும். அந்தச் சாம்பலுக்குள்ளேயே வெள்ளை தெரிந்தால் அங்கே தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். அதாவது வீக்கம். செத்துப்போன இடமும் வெள்ளையாக வரலாம், வீங்கி மட்டும் இருக்கும் இடமும் வெள்ளையாக வரலாம். முதல் நாள் டி2 படம் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது.

வெள்ளைக்குள் கறுப்புப் புள்ளி என்றால், முதல் சில நாட்களில் அது பெரும்பாலும் ரத்தம். நாளாக ஆக ரத்தத்தில் இருக்கும் இரும்பின் தன்மை மாறும், படத்தில் அதன் நிறமும் மாறும். அதனால் படத்தைப் பார்க்கும்போது அடிபட்டு எத்தனை மணி நேரத்தில், எத்தனையாவது நாளில் எடுத்தது என்பதையும் பாருங்கள். வீக்கம் முதல் இரண்டு மூன்று நாளில் மேலும் கீழும் நீளும். 5 மணி நேரத்தில் எடுத்த படமும் மூன்றாம் நாள் எடுத்த படமும் ஒரே ஆளுக்கே வேறு வேறாக இருக்கும்.

தயவுசெய்து ஃபிலிமை போனில் படம் எடுத்து இங்கே போடாதீர்கள். அதை வைத்து யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

#3 நேர்கோடு

கடுமையாகச் சொல்வதற்கு மன்னியுங்கள். என் அப்பாவுக்கு இதே மாதிரி கழுத்தில் அடி. அவருக்கும் படத்தில் ரத்தக்கசிவு இருந்தது. ஒவ்வொரு ஸ்கேனுக்குப் பிறகும் யாராவது "வீக்கம் குறைந்திருக்கிறது, நல்ல அறிகுறி" என்பார்கள். வீக்கம் குறைந்தது உண்மை. கால் வரவில்லை. இரண்டு வருடம் அப்பா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தார். சக்கர நாற்காலிப் பயிற்சியைக்கூடத் தள்ளிப்போட்டார், "எழுந்து நடக்கப்போறவனுக்கு அது எதுக்கு" என்று.

ரத்தம் தெரிந்தால் வாய்ப்பு குறைவு. அதை மூடி மறைக்காமல் குடும்பத்துக்குச் சொல்லுங்கள். அதுதான் என் வேண்டுகோள்.

#4 மறுநடை

நான் மறுவாழ்வு மருத்துவம் பார்க்கும் டாக்டர். தண்டுவடக் காயம் பட்டவர்களோடுதான் தினமும் இருக்கிறேன்.

நேர்கோடு சொல்வது உண்மை. தண்டுவடத்துக்குள் ரத்தக்கசிவு இருந்தால், அது நீளமாக இருந்தால், மீட்சி குறைவாக இருப்பதைத்தான் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தண்டுவடத்தைக் குறுக்காக வெட்டிப் பார்ப்பது போன்ற டி2 படத்துக்கு 'பேசிக்' என்று ஒரு அளவுகோல் இருக்கிறது, 2015ல் வந்தது. 0 என்றால் உள்ளே மாற்றமே இல்லை. 1 என்றால் நடுவிலுள்ள சாம்பல் பகுதியில் மட்டும் மாற்றம். 2 என்றால் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதிக்கும் (இது படத்தில் தெரியும் வெள்ளை இல்லை, நரம்பு இழைகள் ஓடும் பகுதியின் பெயர்) பரவியிருக்கிறது, ஆனால் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. 3 என்றால் குறுக்குவெட்டு முழுவதும். 4 என்றால் அதோடு ரத்தமும். எண் ஏற ஏற நிலைமை மோசம். மூளையிலிருந்து காலுக்குப் போகும் நரம்பு இழைகள் சாம்பல் பகுதிக்கு வெளியே, அந்த ஓரத்தில்தான் போகின்றன. ஓரம் எவ்வளவு மிச்சம் என்பதுதான் கேள்வி. ஆற்றுமணல், உங்கள் தம்பியின் குறுக்குவெட்டுப் படங்களில் ஓரம் எப்படி இருக்கிறது என்று ரேடியாலஜிஸ்ட்டிடம் கேளுங்கள். நீங்கள் எழுதியதெல்லாம் பக்கவாட்டுப் படத்தைப் பற்றியது.

ஆனால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். 'கம்ப்ளீட்' என்பது ஸ்கேனில் பார்த்துச் சொல்லும் வார்த்தை இல்லை. எந்த எம்ஆர்ஐயும் அதைச் சொல்லாது. அது உடலைத் தொட்டுப் பார்த்துச் சொல்வது. உடலின் ஒவ்வொரு பக்கத்திலும் தோலில் 28 இடங்களில் பஞ்சாலும் ஊசி முனையாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் 10 முக்கியத் தசைகளின் பலத்தை 0 முதல் 5 வரை மதிப்பிட வேண்டும். கடைசியாக ஆசனவாயைச் சுற்றி உணர்வு இருக்கிறதா, உள்ளே அழுத்தம் தெரிகிறதா, தானாகச் சுருக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். தண்டுவடத்தின் கடைசி முனையான எஸ்4, எஸ்5 நரம்புகள் அங்கேதான் போகின்றன. அங்கே எதுவுமே இல்லை என்றால்தான் 'ஏ', அதாவது கம்ப்ளீட். உணர்வு மட்டும் இருந்தால் 'பி'. அசைவும் இருந்தால் பலத்தைப் பொறுத்து 'சி' அல்லது 'டி'. எல்லாம் இயல்பாகிவிட்டால் 'இ'.

இந்தப் பரிசோதனையைச் சிலர் கூச்சத்தாலோ அவசரத்தாலோ தவிர்த்துவிடுகிறார்கள். கால் அசையவில்லை, படம் வெள்ளை, எனவே கம்ப்ளீட் என்று சொல்லிவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைக்கும் விஷயம். ஒரு குடும்பத்தின் பல வருடத் திட்டம் அந்த ஒரு வார்த்தையில் தொங்குகிறது.

அதோடு முதல் நாள் பரிசோதனையும் அவ்வளவு நம்பகமானது இல்லை. அடிபட்டதும் காயத்துக்குக் கீழே தண்டுவடம் சில நாள், சில வாரம்கூட உறைந்து கிடக்கும், ரிஃப்ளெக்ஸ் எதுவும் இருக்காது. 'ஸ்பைனல் ஷாக்' என்போம். மயக்க மருந்தில் இருந்தவரிடம் "ஊசி குத்துகிறதா" என்று கேட்டு என்ன பயன்? 72 மணி நேரம் கழித்துச் செய்யும் பரிசோதனைக்குத்தான் மதிப்பு அதிகம். தம்பிக்கு இப்போது நல்ல நினைவு இருக்கிறது. நாளை ரவுண்ட்ஸில் இந்த முழுப் பரிசோதனையைக் கேளுங்கள், தேதி போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள்.

#5 மழைக்காலம்

இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அம்மாவுக்கு நேர் எதிராக நடந்தது.

அம்மாவுக்கு 68 வயது. குளியலறையில் விழுந்து நெற்றி இடித்தது, கழுத்து பின்னால் மடங்கியது. சிடி எடுத்து, "எலும்பு முறிவு இல்லை, வீட்டுக்குப் போகலாம்" என்று காலர் மாட்டி அனுப்பினார்கள். அம்மா நடந்துதான் காருக்கு வந்தார். ஆனால் "கை எரியுது, டம்ளர் பிடிக்க வரல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அடிபட்ட அதிர்ச்சி, சரியாகிவிடும் என்றார்கள். மறுநாள் காலை சட்டை பட்டனைப் போட முடியவில்லை. வேறு ஆஸ்பத்திரிக்குப் போய் எம்ஆர்ஐ எடுத்தோம். சி4, சி5 இடத்தில் தண்டுவடம் கன்றியிருந்தது. எலும்பில் கீறல்கூட இல்லை.

கால் நன்றாக இருந்தது, கை மட்டும் போனது. அதனால்தான் யாரும் தண்டுவடம் என்று நினைக்கவே இல்லை.

#6 மறுநடை

மழைக்காலம், உங்கள் அம்மாவுக்கு வந்தது 'சென்ட்ரல் கார்டு சிண்ட்ரோம்'. 1954ல் ஷ்னைடர் என்ற நரம்பு அறுவை நிபுணர் இதை விவரித்தார். வயதானவர்களுக்குத் தேய்மானத்தால் கழுத்தெலும்புக் கால்வாய் ஏற்கெனவே குறுகியிருக்கும். கழுத்து பின்னால் மடங்கும்போது முன்னால் டிஸ்க்கும் பின்னால் தடித்துப்போன தசைநாரும் தண்டுவடத்தை இடுக்கியில் பிடிப்பது போலப் பிடித்துவிடும். எலும்பு உடையவே வேண்டாம். கை காலைவிட அதிகம் பாதிப்பதுதான் இதன் அடையாளம்.

குழந்தைகளுக்கு வேறு காரணம். அவர்கள் முதுகெலும்பு ரப்பர் போல நீளும், உள்ளே இருக்கும் தண்டுவடம் அந்த அளவு நீளாது. எலும்பு பழைய இடத்துக்கே திரும்பிவிடும், எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், தண்டுவடம் காயப்பட்டிருக்கும். 1982ல் பாங், வில்பெர்கர் என்ற இரு மருத்துவர்கள் இதற்கு 'சிவோரா' என்று பெயர் வைத்தார்கள். எம்ஆர்ஐ வந்த பிறகு அந்தக் குழந்தைகளில் பலருக்குக் காயம் படத்திலேயே தெரிகிறது.

இதைப் படிக்கும் எல்லோருக்கும்: விழுந்த பிறகு கையில் எரிச்சல், மரத்துப்போதல், பிடிமானம் குறைதல், நடையில் தள்ளாட்டம், சிறுநீர் வராமல் போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் "சிடி நார்மல்" என்ற பதிலோடு வீட்டுக்குப் போகாதீர்கள். "தண்டுவடத்துக்கு எம்ஆர்ஐ வேண்டுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?

#7 மழைக்காலம்

நடக்கிறார் டாக்டர். வலது கை பாதி வந்திருக்கிறது. பட்டன் போட இன்னும் 10 நிமிடம் ஆகிறது, ஆனால் தானே போடுகிறார்.

#8 ஆற்றுமணல்

டாக்டர், நீங்கள் சொன்னபடி கேட்டேன். முதலில் தயங்கினார்கள். அப்புறம் மறுவாழ்வுப் பிரிவிலிருந்து ஒரு டாக்டர் வந்து ஒரு மணி நேரம் பொறுமையாகச் செய்தார். தம்பி கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னான். காலில் ஊசி தெரியவில்லை, இரண்டு இடத்தில் ஏதோ தொடுவது போல இருக்கிறது என்றான். ஆனால் ஆசனவாய்ப் பக்கம் வலதுபுறம் ஊசி குத்துவது தெரிகிறது என்று சொன்னான். மூன்று முறை மாற்றி மாற்றிக் கேட்டார்கள், சரியாகச் சொன்னான். 'பி' என்று எழுதியிருக்கிறார்கள். இதை நான் எவ்வளவு நம்பலாம்? அம்மாவிடம் என்ன சொல்வது?

#9 மறுநடை

'பி' என்று வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. அதிலும் ஊசி முனை தெரிவது, வெறும் தொடுதல் தெரிவதைவிட நல்ல அறிகுறி. ஊசி உணர்வைக் கொண்டுபோகும் பாதையும் காலை அசைக்கும் முக்கியப் பாதையும் தண்டுவடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று கொஞ்சம் தப்பியிருந்தால் மற்றதும் கொஞ்சம் தப்பியிருக்க வாய்ப்பு உண்டு. நடப்பான் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கதவு மூடவில்லை என்று அர்த்தம்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: "செய்தி கொஞ்சமாவது கீழே போய்ச் சேர்கிறது. எவ்வளவு என்று மாதங்கள் போனால்தான் தெரியும். அதுவரை மூட்டு இறுகாமல், புண் வராமல், நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை." நேர்கோட்டின் அப்பாவுக்கு நடந்ததையும் மறக்காதீர்கள். நாற்காலிப் பயிற்சியை எந்தப் படத்துக்காகவும் தள்ளிப்போடக் கூடாது. நாற்காலியில் நன்றாக உட்காரக் கற்றவர்தான், கால் வந்தால் நிற்கவும் தயாராக இருப்பார்.

இன்னொன்று. அடிபட்டு மூன்று நான்கு வாரம் ஆனதும் வீக்கமும் ரத்தமும் வடிந்துவிடும். அப்போது பக்கவாட்டு எம்ஆர்ஐயில் காயத்தின் நடுவே ஒரு நீர்க்குழி தெரியும். அதற்கு முன்னாலும் பின்னாலும் மெல்லிய சாம்பல் கோடு தப்பிப் பிழைத்திருந்தால் அதைத் 'திசுப் பாலம்' என்கிறார்கள். மில்லிமீட்டர் கணக்கில்தான் இருக்கும். சூரிச் குழுவினர் இதைப் பல வருடமாக அளந்துவருகிறார்கள், 2024ல் பல மையங்களைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வும் வந்தது. பாலம் அகலமாக இருந்தவர்களுக்கு மீட்சி அதிகம். முதல் நாள் படம் புகை மூட்டத்தில் எடுத்தது மாதிரி, நான்காம் வாரப் படம் புகை அடங்கிய பிறகு எடுத்தது மாதிரி. இரண்டாவது எம்ஆர்ஐ எடுக்க முடியுமா என்று உங்கள் டாக்டரிடம் பேசிப் பாருங்கள். எல்லா இடத்திலும் வழக்கமாக எடுப்பதில்லை.

#10 கணிப்பொறிக்கண்

டிடிஐ என்ற எம்ஆர்ஐ முறை இருக்கிறதே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை? 1994லேயே வந்த முறை. தண்ணீர் மூலக்கூறுகள் நரம்பு இழையின் நீள வாக்கில் சுலபமாக நகரும், குறுக்கே நகராது. அந்த வித்தியாசத்தை அளந்தால் இழை அறுந்திருக்கிறதா, சேர்ந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கலாம். நான் மருத்துவப் படங்களை அலசும் மென்பொருள் எழுதுபவன். படத்தில் வெள்ளை, கறுப்பு என்று கண்ணால் பார்த்துப் பேசுவதைவிட இது எவ்வளவோ மேல். எல்லோருக்கும் இதை எடுத்துவிடலாமே.

#11 காந்தஅறை

நண்பரே, நீங்கள் சொல்லும் தத்துவம் சரி. மூளையில் டிடிஐ அழகாக வரும். தண்டுவடத்தில் எடுத்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், படாத பாடு படுத்தும்.

தண்டுவடம் சுண்டுவிரல் தடிமன்தான். ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் சுற்றியுள்ள நீர் அலையடிக்கும், அதில் தண்டுவடம் ஆடும். மூச்சு விட்டால் நெஞ்சு அசையும், எச்சில் விழுங்கினால் கழுத்து அசையும். எலும்பும் காற்றும் பக்கத்திலேயே இருப்பதால் காந்தப்புலம் கோணும், படமும் கோணும். இவருடைய தம்பிக்கு அங்கேயே உலோகத் தகடு வேறு. டைட்டானியம் எஃகை விடப் பரவாயில்லை, இருந்தாலும் அதைச் சுற்றிக் கறுப்பு நிழல் விழும். டிடிஐயில் அந்த நிழல் இன்னும் பெரிதாகும்.

தகடு இருப்பவர்களுக்கு 3 டெஸ்லா மெஷினைவிட 1.5 டெஸ்லா மெஷினில் நிழல் குறைவாக இருக்கும். காந்தம் பெரிதாக இருந்தால் படம் நன்றாக இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இந்த இடத்தில் அது உண்மை இல்லை. உலோக நிழலைக் குறைக்கத் தனி முறைகளும் உண்டு. எனவே ஸ்கேனுக்குப் போகும்போது தகடு இருக்கிறது, எந்த உலோகம், எந்தத் தேதியில் வைத்தது என்று ஆபரேஷன் குறிப்போடு சொல்லுங்கள்.

#12 கணிப்பொறிக்கண்

சரி, ஒத்துக்கொள்கிறேன். தகட்டுக்குப் பக்கத்தில் முடியாது. ஆனால் காயத்துக்கு மேலே, நிழல் விழாத சி2, சி3 இடத்தில் அளக்கலாம் இல்லையா? 2013ல் சூரிச் குழு அதைத்தான் செய்தது. அடிபட்டவர்களை மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்தபோது, காயத்துக்கு ரொம்ப மேலே இருக்கும் தண்டுவடமும் மெலிந்துகொண்டே போனது, மூளையிலும் மாற்றம் தெரிந்தது. அறுந்த இழைகள் மேலே இருந்தும் பின்வாங்குகின்றன. மெலிவு குறைவாக இருந்தவர்களுக்கு மீட்சி நன்றாக இருந்தது. நாளை ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இந்த மாதிரி அளவு தேவைப்படும். என் ஆர்வம் அங்கேதான். இன்றைக்கு ஆற்றுமணலின் தம்பிக்கு இதனால் சிகிச்சை மாறாது என்பது உண்மை.

இன்னொரு பயனும் உண்டு. 2022ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் தண்டுவடத்தின் மேல் மின்முனை வைத்துக் காலை இயக்கினார்களே, அதில் ஒவ்வொருவரின் ஸ்கேன் படத்திலிருந்தும் அவரவர் தண்டுவடத்தின் மாதிரியைக் கணினியில் கட்டி, மின்முனையை எந்த இடத்தில் வைப்பது என்று முடிவு செய்தார்கள். ஒருவருடைய நரம்பு வேர்கள் இருக்கும் இடம் இன்னொருவருக்கு ஒத்துவராது.

#13 டி4_பயணி

நான் டி4 காயத்தோடு (நெஞ்சுப் பகுதியின் நான்காவது முதுகெலும்பு) 14 வருடமாக நாற்காலியில் இருப்பவன். தங்கச்சி, தம்பியை ஸ்கேனுக்கு அனுப்பும் முன் இதைப் படித்துவிடு.

அடிபட்டு மூன்றாம் வருடம் எம்ஆர்ஐ எடுக்கப் போனேன். 40 நிமிடம் ஆகும் என்றார்கள். உள்ளே போய் 20 நிமிடத்தில் தலை வெடிப்பது போல வலி. நெற்றி வியர்த்துக் கொட்டுகிறது, முகம் சூடாகிறது, கீழே ஒன்றும் தெரியவில்லை. கையில் கொடுத்த பந்தை அமுக்கினேன். வெளியே எடுத்ததும் பிசியோ சொல்லிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. "உட்கார வையுங்கள், யூரின் பையைப் பாருங்கள்" என்றேன். குழாய் என் தொடைக்குக் கீழே மடங்கி அடைத்திருந்தது. சரி செய்ததும் ஐந்து நிமிடத்தில் தலைவலி இறங்கியது. டி6லோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு இது வரும், 'ஆட்டோனோமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா' என்பார்கள். சிறுநீர்ப்பை நிறைந்தால் உடம்பு தெரியாமலேயே பதறும், ரத்த அழுத்தம் எகிறும். உயிருக்கே ஆபத்தாகலாம். அன்று அந்த அறையில் இருந்தவருக்கு இதன் பெயரே தெரியவில்லை.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். ஒன்பதாம் வருடம், சமையலில் சூடான பாத்திரத்தை இடது கையால் பிடித்திருக்கிறேன், சூடு தெரியவே இல்லை. சுண்டுவிரல் பக்கம் கொப்புளம் பார்த்துத்தான் தெரிந்தது. என் காயம் நெஞ்சில், கை எப்போதும் நன்றாக இருந்தது. கொஞ்ச நாளில் நாற்காலிச் சக்கரத்தைத் தள்ளும்போது பிடி நழுவியது. நரம்புத் தேய்மானம் என்று சொல்லி வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். ஏழு மாதம் போனது. கடைசியில் எம்ஆர்ஐயில், பழைய காயத்திலிருந்து கழுத்து வரைக்கும் தண்டுவடத்துக்குள்ளேயே ஒரு நீர்க்குழி நீண்டிருந்தது. சிரிங்ஸ் என்றார்கள்.

அறுவை டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பழைய படம் எங்கே?" என்னிடம் இல்லை. முதல் ஆபரேஷன் நடந்த இடத்திலும் இல்லை. இது வேகமாக வளர்கிறதா, பல வருடமாக அப்படியே இருந்ததா என்று ஒப்பிட வழியில்லை. மூன்று மாதம் காத்திருந்து இன்னொரு படம் எடுத்துத்தான் வளர்கிறது என்று உறுதி செய்தார்கள். அந்த மூன்று மாதத்தில் விரல் பலம் இன்னும் குறைந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு மேலே ஏறுவது நின்றது. போனது போனதுதான்.

படத்தைப் பத்திரமாக வை. ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது.

#14 காந்தஅறை

அண்ணா, உங்கள் பதிவை எங்கள் பிரிவில் எல்லோருக்கும் படித்துக் காட்டப்போகிறேன்.

உணர்வு இல்லாதவரை ஸ்கேன் செய்யும்போது எங்கள் பக்கம் கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். குடும்பத்தினர் இதையெல்லாம் தயங்காமல் நினைவுபடுத்தலாம். எம்ஆர்ஐயில் உடம்பில் மின்னோட்டம் தூண்டப்படும். மானிட்டர் வயர் தோலில் பட்டுக்கொண்டிருந்தாலோ, இரண்டு தொடையும் ஒட்டியிருந்தாலோ அந்த இடம் சுடும். மற்றவர்கள் "சுடுது" என்று கத்துவார்கள், உணர்வு இல்லாதவர் சொல்ல மாட்டார். அதனால் நடுவில் பஞ்சு மெத்தை வைத்தே ஆக வேண்டும். தோலில் ஒட்டியிருக்கும் மருந்துப் பட்டைகள் சிலவற்றில் உலோகத் தாள் இருக்கும், கழற்றிவிட வேண்டும். மேசை கெட்டியாக இருக்கும், குதிகாலுக்கும் இடுப்பெலும்புக்கும் மெத்தை வேண்டும். முடிந்ததும் திருப்பிப் பார்த்துத் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். தசை இறுக்கத்துக்கு வயிற்றில் மருந்துப் பம்ப் வைத்திருப்பவர்கள் முன்பே சொல்ல வேண்டும். காந்தத்தில் சில பம்ப் தற்காலிகமாக நின்றுவிடும், வெளியே வந்ததும் ஓடுகிறதா என்று சோதிக்க வேண்டும். கழுத்தில் அடிபட்டவருக்குக் கையால் பந்தை அமுக்க முடியாது என்பதை மறந்துவிட்டு அதையே கொடுப்பார்கள். ஊதினால் அல்லது கன்னத்தால் அழுத்தினால் மணி அடிக்கும் வகை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே மைக்கில் பேசச் சொல்லுங்கள்.

#15 நேர்கோடு

பயணி அண்ணா சொன்ன மாதிரி, அப்பாவுக்கும் தண்டுவடத்தைத் தவிர வேறு ஒன்றையும் யாரும் பார்க்கவில்லை. நான்காம் வருடம் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது முழங்காலுக்கு மேல் எலும்பு உடைந்துவிட்டது. விழவே இல்லை. சும்மா திருப்பியதில். வலி தெரியாததால் இரண்டு நாள் கழித்து வீக்கத்தைப் பார்த்துத்தான் எக்ஸ்ரே எடுத்தோம்.

#16 மறுநடை

இது அடிக்கடி நடக்கிறது, பேசப்படுவது குறைவு. காலுக்குப் பாரம் போகாவிட்டால் எலும்பு வேகமாகக் கரையும், முழங்காலை ஒட்டிய இடத்தில்தான் அதிகம். வழக்கமான எலும்பு அடர்த்தி ஸ்கேன் இடுப்பையும் முதுகையும் மட்டும் பார்க்கும். முழங்காலையும் சேர்த்து எடுக்கக் கேட்க வேண்டும்.

இடுப்பு மூட்டும் அப்படித்தான். முதல் சில மாதத்தில் தொடை திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தால், காய்ச்சலும் வந்தால், இரண்டு சந்தேகம். ஒன்று ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருப்பது, அது டாப்ளர் என்ற ரத்த ஓட்ட ஸ்கேனில் தெரியும். உடனே பார்க்க வேண்டியது அது. இன்னொன்று தசைக்குள் எலும்பு வளர்வது. இது எக்ஸ்ரேயில் தெரியச் சில வாரம் ஆகும், எலும்பு ஸ்கேனிலும் அல்ட்ராசவுண்டிலும் முன்பே தெரியும். கவனிக்காமல் விட்டால் இடுப்பு மடங்காது, நாற்காலியில் உட்காரவே முடியாது. அப்புறம் சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் வருடம் ஒரு முறை அல்ட்ராசவுண்ட்.

#17 ஆற்றுமணல்

மூன்றரை மாதம் கழித்து எழுதுகிறேன். எத்தனை பேர் தனியாகச் செய்தி அனுப்பி விசாரித்தீர்கள், எல்லோருக்கும் நன்றி.

ஐந்தாம் வாரம் இரண்டாவது எம்ஆர்ஐ எடுத்தோம், 1.5 டெஸ்லாவில். டெக்னீஷியனிடம் காந்தஅறை சொன்னதை எல்லாம் எழுதிக் கொடுத்தேன், அவர் வாங்கி ஒவ்வொன்றாகச் செய்தார். நடுவில் மூன்று முறை மைக்கில் தம்பியிடம் பேசினார். தகட்டின் நிழல் கொஞ்சம் மறைத்தாலும், நீர்க்குழிக்கு முன்பக்கம் மெல்லிய பட்டை தெரிகிறது என்று ரேடியாலஜிஸ்ட் காட்டினார். பின்பக்கம் நிழலில் சொல்ல முடியவில்லை.

மணிக்கட்டைப் புவியீர்ப்புக்கு எதிராகத் தூக்குகிறான், 3 என்று எழுதியிருக்கிறார்கள். மணிக்கட்டைத் தூக்கும்போது விரல்கள் தானாக மடங்குகின்றன, அதை வைத்து ஸ்பூன் பிடிக்கக் கற்றுக்கொண்டான். காலில் உணர்வு கூடியிருக்கிறது, அசைவு இல்லை. இப்போதும் 'பி'தான். நாற்காலியைச் சமதரையில் அவனே தள்ளுகிறான். அம்மா முன்பு போல ஒவ்வொரு நாளும் "கால் அசைஞ்சுதா" என்று கேட்பதில்லை. "இன்னைக்கு எவ்வளவு தூரம் தள்ளின" என்று கேட்கிறார்.

பயணி அண்ணா, இரண்டு ஸ்கேனையும் டிஸ்க்கில் வாங்கிவிட்டேன்.

#18 டி4_பயணி

சந்தோஷம் தங்கச்சி. அந்த டிஸ்க்கை இன்றே ஒரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறக்கிறதா என்று பார். ரிப்போர்ட் மட்டும் இருக்கிறதா, படம் முழுக்க இருக்கிறதா என்றும் பார். வேறு இரண்டு இடத்தில் நகல் எடுத்து வை. அவன் கையில் எப்போதாவது புதிதாகச் சூடு தெரியாமல் போனாலோ, இருக்கும் பலம் குறைந்தாலோ, அது 20 வருடம் கழித்து என்றாலும் இந்தப் படங்களோடு போ.

#19 ஆற்றுமணல்

திறந்து பார்த்தேன் அண்ணா. முதல் டிஸ்க்கில் படங்கள் இல்லை, ரிப்போர்ட் மட்டும்தான் இருக்கிறது. நாளைக் காலை போய்க் கேட்கிறேன்.